ஆழம் கேட்டு எண்ண வேண்டிய கடல்

காஸ்பியன் கடலின் தென்கரையில் கில்கா பிடிப்பது இரவுத் தொழில். ஈரானின் அன்சலி, பாபோல்சர் துறைமுகங்களிலிருந்து பொழுது சாய்ந்ததும் படகுகள் கிளம்பும். கில்கா மத்திக்கு உறவான சிறு மீன். ஒரு சாண் நீளத்தைத் தாண்டாது. வெளிச்சத்தைக் கண்டால் கூட்டமாக வந்து மொய்க்கும். கூம்பு வடிவ வலைக்குள் மின்விளக்கைக் கட்டி நீருக்குள் இறக்கி, மீன் கூடியதும் வலையோடு மேலே தூக்கிவிடுவார்கள்.

விளக்கை எந்த ஆழத்தில் நிறுத்துவது என்பதில்தான் தொழிலின் சூட்சுமமே இருக்கிறது. காஸ்பியனில் மூன்று வகைக் கில்கா உண்டு. சாதாரணக் கில்கா கரையை ஒட்டிய ஆழம் குறைந்த நீரில் மேயும். நெத்திலிக் கில்கா நடுக்கடலில், அதற்குக் கீழே உள்ள நீரில் திரியும். பெருங்கண் கில்கா இன்னும் இருட்டான ஆழத்துக்குரியது. பெயருக்கேற்ப, மங்கிய ஒளியிலும் பார்க்கப் பெரிய கண்கள் அதற்கு. ஒரே கடல், ஒரே குடும்பத்து மீன்கள். ஆனாலும் மூன்றும் ஆழத்தைப் பங்கிட்டுக்கொண்டு வாழ்கின்றன. காரணம் அவற்றின் இரை. அந்த இரைக்கு 1999க்குப் பிறகு என்ன நேர்ந்தது என்பதைப் புரிந்துகொள்ள, முதலில் கடலுக்குள் அடுக்கடுக்காக இறங்கிப் பார்க்க வேண்டும்.

காஸ்பியனை ஏரி என்பாரும் உண்டு, கடல் என்பாரும் உண்டு. எந்தப் பெருங்கடலோடும் அதற்கு இயற்கையான தொடர்பு இல்லை. ஐரோப்பாவின் தென்கிழக்கிலும் ஆசியாவின் மேற்கிலும் ஒரு காலத்தில் பரந்து கிடந்த பழங்கடலின் மிச்சம் அது. ஏறத்தாழ 55 லட்சம் ஆண்டுகளுக்கு முன் நிலத்தால் சூழப்பட்டுத் தனித்துவிட்டது. ரஷ்யா, கஜகஸ்தான், துர்க்மெனிஸ்தான், ஈரான், அஜர்பைஜான் ஆகிய ஐந்து நாடுகள் அதைச் சுற்றி இருக்கின்றன. அதன் நீர்மட்டம் உலகக் கடல் மட்டத்தைவிட 27 மீட்டருக்கும் மேல் தாழ்ந்தது. ஆற்று நீரில் ஐந்தில் நான்கு பங்கை வோல்கா ஒன்றே கொண்டுவந்து கொட்டுகிறது. ஆகவே உப்பும் குறைவு: பெருங்கடலில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்றால், இங்கே 12, 13 கிராம்தான்.

வடக்கிலிருந்து தெற்கே போகப்போக ஆழம் வேறு கடலுக்கு வந்துவிட்டதுபோல மாறுகிறது. வடக்குப் பகுதியின் சராசரி ஆழம் ஐந்தாறு மீட்டர். குளிர்காலத்தில் உறைந்து பனிப்பாளமாகிவிடும். நடுப்பகுதி 788 மீட்டர் வரை இறங்கும். தெற்கே அதிகபட்ச ஆழம் 1,025 மீட்டர். கோடையில் தெற்குக் காஸ்பியனின் மேற்பரப்பு 25 டிகிரியைத் தாண்டிச் சூடாக இருக்கும்போது, அடியாழத்து நீர் ஆறு டிகிரியை ஒட்டியே நிற்கும். இந்த மாற்றம் படிப்படியாக நடப்பதில்லை. சுமார் 20 மீட்டருக்கும் 50 மீட்டருக்கும் இடையிலான மெல்லிய அடுக்கிலேயே வெப்பம் சட்டென்று விழுந்துவிடுகிறது. கடலியலாளர்கள் இதை வெப்பச் சரிவு அடுக்கு என்கிறார்கள். மேலே இலேசான வெந்நீர், கீழே கனத்த குளிர்நீர். கோடை முழுவதும் இரண்டும் எளிதில் கலப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு தளம் கடலை இரண்டாகப் பிரித்துவிடுகிறது. சிறிய உயிர்களுக்கு அதுதான் எல்லைக்கோடு.

அந்தச் சிறிய உயிர்களைத்தான் விலங்கு மிதவைகள் என்கிறோம். அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர், மிஞ்சினால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவுள்ளவை. தாவர மிதவைகளான நுண்பாசிகளைத் தின்று, மீன்களுக்கு இரையாகி, கடலின் உணவுச் சங்கிலியை நடுவில் தாங்கி நிற்பவை இவைதான். ஆற்றோட்டத்தையும் கடல் நீரோட்டத்தையும் எதிர்த்து நீந்த இவற்றுக்கு வலுவில்லை. நீர் எங்கே இழுத்துப் போகிறதோ அங்கே போகும். ஆனால் மேலும் கீழும் போகத் தெரியும். வடக்கா தெற்கா என்று தேர்ந்தெடுக்க முடியாத உயிர், எந்த ஆழத்தில் இருப்பது என்பதை மட்டும் தானே முடிவு செய்கிறது. அதனால்தான் விலங்கு மிதவைகளின் வாழ்க்கையை அறிய விரும்புகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி "எத்தனை மீட்டரில்?" என்பது.

காஸ்பியனில் மேலிருந்து இறங்கிப் பார்ப்போம்.

வெப்பச் சரிவுக்கு மேலே உள்ள வெதுவெதுப்பான நீரில், கோடைக்காலத்தில், கூட்டமும் சந்தடியும் அதிகம். மட்டிகளின் குஞ்சுகள், பாறையிலும் கப்பல் அடியிலும் ஒட்டி வாழும் கொட்டலசின் குஞ்சுகள், ரோட்டிஃபர்கள் எல்லாம் இங்கேதான். இந்த அடுக்கின் பெருமைக்குரிய குடிகள் இன்னொரு கூட்டம்: நம் குளங்களில் காணும் நீர்த்தெள்ளுகளின் தூரத்து உறவினர்கள். குளத்து நீர்த்தெள்ளு நீரை வடிகட்டிப் பாசி தின்னும். காஸ்பியனில் உள்ளவையோ வேட்டைக்காரர்கள். தலையின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டு ஒற்றைப் பெருங்கண், இரையைப் பற்றிக்கொள்ளக் கூர்மையான கால்கள். செர்கோபாகிஸ் என்ற ஒன்றுக்கு உடலைப்போலப் பல மடங்கு நீளமான வால்முள்ளும் உண்டு. உலகில் வேறெந்த நீர்நிலையிலும் இந்தக் குழு இத்தனை இனங்களாகக் கிளைக்கவில்லை. தனித்துக் கிடந்த லட்சக்கணக்கான ஆண்டுகளில் காஸ்பியன் தனக்கென்று உருவாக்கிக்கொண்ட செல்வம் இது. கோடையில் ஆண் துணையில்லாமலே பெண்கள் பெண்களைப் பெற்றுத் தள்ளும். குளிர் வருமுன் உறங்கும் முட்டைகளை இட்டுவிட்டு மறையும்.

இன்னும் கீழே, வெப்பச் சரிவையும் அதற்கு அடியிலுள்ள குளிர்நீரையும் கோப்பிபாடுகள் ஆள்கின்றன. தமிழில் துடுப்புக்காலிகள் என்று பெயர். இறால் வளர்ப்புப் பண்ணைக்காரர்களுக்குக் கோப்பிபாட் என்றால்தான் சட்டென்று புரியும். இவற்றில் யூரிடெமோரா கிரிம்மி முக்கியமானது. 1870களில் காஸ்பியனை ஆராய்ந்த ரஷ்ய விலங்கியலாளர் ஆஸ்கர் கிரிம்மின் பெயரை அதற்குச் சூட்டி, நார்வே அறிஞர் கியோர்க் ஒசியான் சார்ஸ் 1897இல் விவரித்தார். பெருங்கண் கில்காவின் அறிவியல் பெயரிலும் அதே கிரிம் இருக்கிறார். ஆழத்தில் மேயும் மீன், ஆழத்தில் வாழும் இரை, இரண்டுக்கும் ஒரே மனிதரின் பெயர் வாய்த்தது எனக்குப் பிடித்த தற்செயல்.

யூரிடெமோராவுக்குக் கீழே லிம்னோகலானஸ். குளிரை விட்டு வெளியே வராத உயிர் இது. இதன் உறவினர்கள் ஆர்க்டிக் கரையோரங்களிலும் வட ஐரோப்பிய ஏரிகளிலும் வாழ்கின்றன. பனியுக காலத்தில் வடக்கிலிருந்து வந்து சேர்ந்த கூட்டம், பனி விலகிய பிறகு காஸ்பியனின் குளிர்ந்த ஆழத்தில் தங்கிவிட்டது. கோடையில் ஈரானியக் கடற்கரையில் வியர்த்து வழிய நிற்கும் ஒருவரின் கண்ணெதிரே விரிந்திருக்கும் நீருக்கு அடியில் ஆர்க்டிக்கின் பிள்ளைகள் நீந்திக்கொண்டிருக்கின்றன. இவற்றோடு மைசிஸ் என்னும் கண்ணாடி இறால் போன்றவையும் நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழம்வரை பரவியிருக்கின்றன. அவையும் வடக்கிலிருந்து வந்தவைதாம்.

இந்த வரைபடம் பகலுக்கு உரியது. இருட்டியதும் அடியில் உள்ளவற்றில் பல மேலே ஏறும். மேற்பரப்பின் பாசியை மேய்ந்துவிட்டு விடியுமுன் இறங்கிவிடும். பகலில் மீனின் கண்ணில் படாமல் இருட்டில் ஒளிந்திருப்பதும், இரவில் வந்து உண்பதும் இவற்றின் உத்தி. உலகக் கடல்கள் அனைத்திலும் அன்றாடம் நடக்கும் இந்தப் பயணத்துக்கு ஈடான விலங்குப் பெயர்ச்சி பூமியில் வேறில்லை. இரண்டாம் உலகப் போரின்போது நீர்மூழ்கிகளைத் தேடிய அமெரிக்க ஒலிக்கருவிகளில், பகலில் கீழே இறங்கி இரவில் மேலே வரும் ஒரு "பொய்த்தரை" தெரிந்தது. அது உயிர்களின் கூட்டம் என்று மார்ட்டின் ஜான்சன் என்ற அறிஞர் 1945இல் காட்டினார்.

பக்கத்துக் கருங்கடலில் இந்தப் பயணம் இன்னும் துணிச்சலானது. அங்கே சுமார் 150 முதல் 200 மீட்டருக்குக் கீழே உயிர்வாயுவே கிடையாது. ஹைட்ரஜன் சல்பைடு நிறைந்த நச்சு நீர்தான். கலானஸ் யூக்சினஸ் என்ற மூன்று மில்லிமீட்டர் கோப்பிபாட், பகலில் அந்த நச்சு நீரின் விளிம்புவரை இறங்குகிறது. காற்று மிகமிகக் குறைந்த அந்த அடுக்கில் மூச்சையும் அசைவையும் சுருக்கிக்கொண்டு கிடக்கும். மீன் அங்கே வரத் துணியாது. உடலுக்குள் ஒரு மெல்லிய பையில் சேர்த்த எண்ணெயை வைத்துக்கொண்டு பொழுதைக் கழித்துவிட்டு, இரவில் மேலே வரும். உருப்பெருக்கியில் பார்த்தால் கண்ணாடிபோன்ற உடலின் நடுவே அந்த எண்ணெய்ப்பை மினுங்குவது தெரியும்.

இவற்றையெல்லாம் எப்படி எண்ணுகிறார்கள்? காஸ்பியன் ஆய்வாளர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்துவது ஜுடே வலை. வாய் வட்டமானது, 36 சென்டிமீட்டர் விட்டம். உடல் நீண்ட கூம்பு. வலைக்கண் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. கீழ்முனையில் ஒரு சிறு குவளை. கப்பலை நிறுத்தி, வலையை நேர்குத்தாக இறக்கி, மெதுவாக இழுப்பார்கள். இந்த வலையைப் பத்து மீட்டர் தூக்கினால் ஏறத்தாழ ஆயிரம் லிட்டர் நீர் அதன் வழியே வடிகிறது. குவளையில் சேர்ந்ததைப் புட்டியில் ஊற்றி ஃபார்மலின் சேர்த்துவிடுவார்கள்.

வலை திறந்த வாயோடு நூறு மீட்டரிலிருந்து மேற்பரப்பு வரை வந்தால், அடுக்குத் தூக்கில் கொண்டுவந்த சாப்பாட்டை எல்லாம் ஒரே பாத்திரத்தில் கொட்டியது போலாகிவிடும். எது எந்த அடுக்கில் இருந்தது என்று சொல்ல முடியாது. ஆகவே மூடும் வலை தேவை. நூறிலிருந்து ஐம்பது மீட்டர் வரை இழுத்ததும், கயிற்றின் வழியாக ஓர் உலோக எடையை நழுவவிடுவார்கள். அது கீழே போய்ப் பூட்டைத் தட்டியதும் வலையின் கழுத்து இறுகும். அடுத்து ஐம்பதிலிருந்து இருபது. பிறகு இருபதிலிருந்து பத்து. கடைசியாகப் பத்திலிருந்து மேற்பரப்பு. ஒவ்வொன்றுக்கும் தனிப் புட்டி, தனிச் சீட்டு. ஆய்வுக்கூடத்தில், வளைந்து வளைந்து போகும் வாய்க்கால் வெட்டிய ஒரு தட்டில் மாதிரியை ஊற்றி, உருப்பெருக்கியின் கீழே தட்டை நகர்த்தி நகர்த்தி ஒன்றொன்றாக எண்ண வேண்டும். ஆணா பெண்ணா, வளர்ந்ததா குஞ்சா, முட்டைப்பை இருக்கிறதா என்று பிரிக்க வேண்டும். கழுத்து வலிக்கும், கண் எரியும் வேலை. கடலைப் பற்றிய நம்பத்தக்க அறிவில் பெரும்பகுதி இப்படிப் பொறுமையோடு குனிந்திருந்தவர்களால் கிடைத்தது.

அந்தப் பொறுமையான எண்ணிக்கை இருந்ததால்தான், 1999க்குப் பிறகு காஸ்பியனில் நடந்ததை உலகம் அறிய முடிந்தது.

அந்த ஆண்டின் இறுதியில் நெமியாப்சிஸ் லெய்டி என்ற சீப்பு ஜெல்லி காஸ்பியனில் இருப்பது உறுதியானது. அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையைச் சேர்ந்த உயிர் இது. கையில் எடுத்தால் குழகுழவென்று நழுவும் கண்ணாடிக் கட்டி. கொட்டும் முள் கிடையாது. உடலின் நீளவாக்கில் எட்டு வரிசையாக நுண்சீப்புகள்; அவை துடிக்கும்போது வெளிச்சம் பட்டு வானவில் நிறங்கள் ஓடும். அழகானதுதான். ஆனால் ஒட்டும் பசையுள்ள இழைகளால் மிதவைகளையும், மீன் முட்டைகளையும், மீன் குஞ்சுகளையும் ஓயாமல் பிடித்துத் தின்னும். ஒரே உடலில் ஆணும் பெண்ணும் உண்டு. தன்னைத் தானே கருவுறச் செய்யும். நல்ல இரை கிடைத்தால் ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். இரை இல்லையென்றால் சாவதற்குப் பதில் உடலைச் சுருக்கிக்கொண்டு காத்திருக்கும்.

1980களின் தொடக்கத்தில் இது கப்பல்களின் பேலஸ்ட் நீரில் கருங்கடலுக்கு வந்தது. சரக்கில்லாத கப்பல் ஆடாமல் நிற்பதற்காக ஒரு துறைமுகத்தில் தொட்டிகளில் நிரப்பும் நீரை, வேறொரு துறைமுகத்தில் வெளியேற்றுவார்கள். கருங்கடலிலிருந்து காஸ்பியனுக்கு இயற்கையாக வழியில்லை. ஆனால் 1952இல் சோவியத் அரசு திறந்த வோல்கா-தோன் கால்வாய் இருந்தது. நெடுங்காலம் மூடியிருந்த கதவை மனிதர் திறந்துவிட்டனர். அதன் வழியே கொட்டலசு போன்றவை முன்பே வந்துவிட்டன. 1980களில் அகார்ஷியா டோன்சா என்ற வேற்றுக்கடல் கோப்பிபாடும் வந்து குடியேறியது. கடைசியில் வந்தது சீப்பு ஜெல்லி. காஸ்பியனில் உப்புக் குறைவால் அது தாய்நாட்டில் வளரும் அளவுக்கு வளரவில்லை. பெரும்பாலானவை ஓரிரு சென்டிமீட்டருக்குள்தான். எண்ணிக்கையால் அந்தக் குறையை ஈடுகட்டியது. உறையாத தென்கடலில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, கோடையில் பெருகி வடக்கு நோக்கிப் பரவும். ஆகஸ்ட், செப்டம்பரில் உச்சம்.

விலங்கு மிதவைகளின் பட்டியல் இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே தலைகீழானது. ஒற்றைக்கண் வேட்டை நீர்த்தெள்ளுகள் தென்கடலின் வலைகளில் ஒவ்வொன்றாக வராமல் போயின. ப்ளியோபிஸ் என்ற ஒரே இனம்தான் குறிப்பிடும்படி மிஞ்சியது, அதுவும் வெளியிலிருந்து வந்தது. யூரிடெமோரா மளமளவென்று குறைந்தது. மாதிரிப் புட்டிகளில் அகார்ஷியா டோன்சாவே பெரும்பான்மையானது. அகார்ஷியாவும் சீப்பு ஜெல்லிக்கு இரைதான். ஆனால் அது விரைந்து பெருகும். ஆபத்தை உணர்ந்தால் துள்ளித் தப்பும். முட்டைகளை நீரில் விட்டுவிடும். யூரிடெமோராப் பெண்ணோ முட்டைகளைப் பைகட்டிச் சுமந்து திரிவது. தாய் சிக்கினால் அடுத்த தலைமுறையும் சேர்ந்து போகும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். மேல் இருபது மீட்டரில் மட்டும் வலை போட்டுப் பார்ப்பவருக்குச் சில மாதங்களில் கணிசமான எண்ணிக்கையில் கோப்பிபாடுகள் கிடைத்திருக்கும். "கடலில் இரை இருக்கிறது" என்று அவர் எழுதியிருப்பார். எண்ணிக்கை பொய்யில்லை. ஆனால் அந்த எண்ணிக்கையில் முக்கால்வாசிக்கு மேல் ஒரே இனம், அதுவும் மேலடுக்கை விட்டு இறங்காத இனம். ஆழத்தில் மேய்ந்து பழகிய நெத்திலிக் கில்காவுக்கு அது எட்டாத இரை. எத்தனை உயிர் இருக்கிறது என்பதும், எத்தனை வகை இருக்கிறது என்பதும், அவை எந்த ஆழத்தில் இருக்கின்றன என்பதும் மூன்று தனிக் கேள்விகள். முதல் கேள்விக்கு மட்டும் விடை தேடும் கணக்கெடுப்பை நான் அரைக் கணக்கெடுப்பு என்றே சொல்வேன்.

கடலோரத்து மீனவருக்கு இந்தப் பாடம் வலைவழியே வந்தது. ஈரானின் கில்கா பிடிப்பு 1999இல் ஏறத்தாழ 95,000 டன். 2003இல் அது 15,000 டன் அளவுக்கு விழுந்துவிட்டது. அதுவரை பிடிபட்டதில் பெரும்பங்கு நெத்திலிக் கில்கா. அதன்பின் கரையோரச் சாதாரணக் கில்காவே வலைகளை ஆளத் தொடங்கியது, ஏனென்றால் அது அகார்ஷியாவைத் தின்று பிழைக்கும். படகுகள் கட்டிப்போடப்பட்டன. கில்காவை நம்பியிருந்த பெலூகா ஸ்டர்ஜன் மீனுக்கும் காஸ்பியன் கடல்நாய்க்கும் கூட இரைப் பஞ்சம் வந்தது. இந்த வகைக் கடல்நாய், அதாவது சீல், உலகில் காஸ்பியனைத் தவிர வேறெங்கும் இல்லை. எல்லாப் பழியையும் ஜெல்லியின் தலையில் கட்டுவது நியாயமில்லை. அதற்கு முன்பே கில்காவை அளவுக்கு மீறிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள், மாசும் இருந்தது. ஏற்கெனவே தளர்ந்திருந்த கடலை ஜெல்லி அடித்து வீழ்த்தியது என்பதே சரி. மேய்ப்பவை குறைந்ததும், உரமேறிய நீரில் பாசிகள் கட்டுக்கடங்காமல் பெருக வழி பிறந்தது. 2005இல் ஈரான் கரைக்கு அப்பால் ஏறத்தாழ 20,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் நீலப்பச்சைப் பாசி படர்ந்து கிடந்தது.

கருங்கடலில் இதே ஜெல்லி முன்பே ஆடிய ஆட்டத்தையும் ஆழத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும். சீப்பு ஜெல்லி வெப்பச் சரிவுக்கு மேலே உள்ள நீரை விரும்புவது. ஆகவே அங்கே அதிகம் அழிந்தவை மேலடுக்குவாசிகள். ஓய்தோனா நானா என்ற சின்னஞ்சிறு கோப்பிபாட் கருங்கடலிலிருந்தே காணாமல் போயிற்று. மேற்பரப்பை ஒட்டி வாழும் அழகிய நீலநிற பான்டெல்லா அரிதாகிவிட்டது. கலானஸ் யூக்சினஸுக்கும் சேதம் உண்டு. ஆனால் பகலெல்லாம் நூறு மீட்டருக்குக் கீழே கிடக்கும் பழக்கம் அதற்கு ஓரளவு கேடயமாயிற்று. ஆழம் ஒரு புகலிடம். அந்தப் புகலிடத்துக்கு இறங்கத் தெரிந்தவற்றுக்கே பிழைக்கும் வாய்ப்பு கூடுதல்.

பிறகு 1997இல் கருங்கடலுக்கு பெரோயே ஓவாட்டா வந்து சேர்ந்தது. அதுவும் ஒரு சீப்பு ஜெல்லிதான். ஆனால் நெமியாப்சிஸை விழுங்கி வாழ்வது. அது பெருகப்பெருக நெமியாப்சிஸ் அடங்கியது, மிதவைகளும் மீன்களும் ஓரளவு தேறின. இதைப் பார்த்து, காஸ்பியனிலும் பெரோயேவை விடலாமா என்று ஆய்வாளர்கள் சோதித்தார்கள். கருங்கடலின் மேல்நீரில் லிட்டருக்கு 18 கிராம் உப்பு. காஸ்பியனில் 13 மட்டுமே. அந்த உப்புக் குறைவில் பெரோயேவுக்கு உயிர் வாழ்வதும் இனப்பெருக்கம் செய்வதும் சிரமம். தவிர, ஒரு அந்நியனை விரட்ட இன்னொரு அந்நியனை வேண்டுமென்றே அழைப்பதற்கு ஐந்து நாடுகளும் ஒப்ப வேண்டும். மூடிய கடலில் செய்த பிழையைத் திரும்பப் பெற வழியில்லை என்பதால், அந்தத் தயக்கம் சரியானது என்றே நினைக்கிறேன்.

கால்வாயில் போக்குவரத்து ஒருவழி இல்லை. காஸ்பியன், கருங்கடல் பகுதிக்கே உரிய செர்கோபாகிஸ், அதாவது அந்த நீண்ட வால்முள் வேட்டைக்காரர், 1992இல் பால்டிக் கடலில் தென்பட்டது; 1998இல் அட்லாண்டிக்கைத் தாண்டி ஒன்டாரியோ ஏரியை அடைந்தது. சொந்தக் கடலில் வலைக்குக் கிடைக்காமல் போன ஓர் உயிர், அந்நிய நீரில் மீனவர்களின் தூண்டில் நூலில் பஞ்சுபோல் சுற்றிக்கொண்டு தொல்லை தருகிறது. ஆக, எந்த இனமும் பிறவியிலேயே தீயதில்லை. தன் இடத்தைவிட்டுப் பெயர்க்கப்பட்டபோதுதான் அது கேடாகிறது.

தமிழ் வாசகர்களுக்கு இது தொலைதூரத்துச் செய்தியாகத் தோன்றக் கூடாது. எண்ணூர், பழவேற்காடு மீனவர்கள் "காக்கா ஆழி" என்று சொல்லும் தென் அமெரிக்க மட்டி, அடித்தளத்தில் பாய்விரித்ததுபோல் படர்ந்து இறாலுக்கும் நண்டுக்கும் இடமில்லாமல் செய்துகொண்டிருக்கிறது. கப்பல்களோடு வந்திருக்க வேண்டும் என்பதே ஆய்வாளர்களின் கணிப்பு. அந்த மட்டியும் குஞ்சுப் பருவத்தில் நீரில் மிதந்து திரியும் விலங்கு மிதவைதான். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பருவத்தில்தான் அது கடல் தாண்டுகிறது. பேலஸ்ட் நீரைச் சுத்திகரித்தே வெளியேற்ற வேண்டும் என்ற பன்னாட்டு உடன்படிக்கை 2004இல் ஏற்கப்பட்டது. நடைமுறைக்கு வர 2017 செப்டம்பர் ஆயிற்று. நெமியாப்சிஸ் கருங்கடலுக்கு வந்து 35 ஆண்டுகள் கழித்து.

காஸ்பியனுக்கு இப்போது இன்னொரு சோதனை. அதன் நீர்மட்டம் ஏறுவதும் இறங்குவதும் புதிதில்லை. 1929க்கும் 1977க்கும் இடையில் மூன்று மீட்டர் அளவுக்கு இறங்கியது. பிறகு 1990களின் நடுப்பகுதி வரை இரண்டரை மீட்டர் அளவுக்கு ஏறியது. அதன்பின் இறங்கிக்கொண்டே இருக்கிறது. வெப்பம் கூடக்கூட ஆவியாவது மழையையும் ஆற்றையும் மிஞ்சுகிறது. இந்த நூற்றாண்டின் இறுதிக்குள் 9 முதல் 18 மீட்டர் வரை இறங்கக்கூடும் என்று 2020இல் வெளியான ஓர் ஆய்வு கணித்தது. வடக்குப் பகுதியின் சராசரி ஆழம் ஐந்தாறு மீட்டர்தான் என்பதை இதோடு வைத்துப் பாருங்கள்.

ஆழப்பகுதிகளுக்கும் நிம்மதி இல்லை. கடுங்குளிரில் கனத்துக் கீழே இறங்கும் நீர்தான் காஸ்பியனின் அடியாழத்துக்கு உயிர்வாயுவைக் கொண்டுபோகிறது. குளிர்காலம் மிதமாகி, வடக்கே பனி குறைந்தால் அந்தப் போக்குவரத்தும் குறையும். மேலே நீர் சூடாகும், கீழே மூச்சு முட்டும். இரண்டுக்கும் நடுவே லிம்னோகலானஸ் வாழக்கூடிய குளிர்ந்த, காற்றுள்ள அடுக்கு ஒடுங்கும். பனியுகத்திலிருந்து இங்கே தாக்குப்பிடித்த உயிருக்கு, மேலேயும் போக முடியாது, கீழேயும் போக முடியாது.

இதை மேற்பரப்பிலிருந்து யாரும் பார்க்க முடியாது. செயற்கைக்கோளுக்குப் பாசியின் நிறம் தெரியும். நூறு மீட்டர் ஆழத்து இருட்டில் ஒரு கோப்பிபாட் இனம் ஒழிந்துபோவது தெரியாது. வலை இறக்கி, அடுக்குவாரியாகப் பிரித்து, ஒன்றொன்றாக எண்ணினால்தான் தெரியும். ஒரு கரையில் ஓர் அளவுக் கண்ணுள்ள வலையும், எதிர்க்கரையில் வேறு அளவுக் கண்ணுள்ள வலையும் போட்டால் கணக்கை ஒப்பிட முடியாது. ஐந்து நாடுகளும் ஒரே வகை வலையை, ஒரே ஆழ அடுக்குகளில், ஒரே மாதங்களில் இறக்கி, எண்ணிக்கையை ஒளிக்காமல் பகிர்ந்துகொள்ள வேண்டும். அதற்கான மேடை இல்லாமல் இல்லை. காஸ்பியனின் சுற்றுச்சூழலைக் காப்பதற்கென்று ஐந்து நாடுகளும் 2003இல் தெஹ்ரானில் கையெழுத்திட்ட உடன்படிக்கை, 2006 முதல் நடைமுறையில் இருக்கிறது.